பள்ளியில் உதவி கேட்பது எப்படி? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வாசிக்கத் திணறும் பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, பேச்சு தாமதமான பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை. இவர்களின் அம்மா அப்பாக்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போய்க் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நானும் அப்படிக் கேட்டு அலைந்த ஒரு தாய்தான். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை முதலில் எடுத்து வைத்தால் பள்ளியோடு பேச்சு அநேகமாக அங்கேயே முறிந்துவிடும். பிள்ளைக்கு இன்ன இன்னது தேவை என்று சின்னச் சின்னதாக, பெயர் சொல்லி, எழுத்தில் கேட்பதுதான் பலன் தருகிறது. சட்டம் பையில் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுக்கலாம். கீழே உள்ள பதில்களை இந்த நினைப்போடு படியுங்கள்.

டாக்டர் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அதற்கு முன்பே பள்ளியில் உதவி கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பலகையைப் பார்த்து எழுத முடியாத பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பரிசோதனைக்குத் தேதி கிடைத்து, அறிக்கை வந்து, மருத்துவக் குழு பார்த்து முடிக்க மாதக்கணக்கில் ஆகலாம். அத்தனை மாதமும் பிள்ளை வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, பிள்ளைகளிடம் உள்ள கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து ஏற்ற வழி செய்வதைப் பள்ளியின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆகவே கண்டுபிடிக்கிற பொறுப்பு முழுவதும் பெற்றோர் தலையில் இல்லை.

ஒன்றை மட்டும் உடனே செய்துவிடுங்கள். கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். ‘கவனமே இல்லை’ என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த கதைகள் உண்டு. ஒரு காதில் மட்டும் கேட்காத பிள்ளையை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். ஐம்பது பேர் சத்தம் போடும் வகுப்பறையில்தான் அது தடுமாறும்.

‘சோம்பேறி, வீட்டில் செல்லம் அதிகம்’ என்கிறார் வகுப்பாசிரியர். அவரிடம் எப்படிப் பேசுவது?

அவரை மறுத்துப் பேசத் தொடங்கினால் பேச்சு உங்கள் வளர்ப்பைப் பற்றியதாகிவிடும். பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ‘மிஸ், வாயால் கேட்டால் பத்துக்கு எட்டு சொல்கிறான். அதையே எழுதச் சொன்னால் இரண்டோடு நிற்கிறது. உங்கள் வகுப்பிலும் இப்படித்தானா?’ என்று கேளுங்கள். சோம்பேறித்தனம் என்றால் வாயால் சொல்வதிலும் அது தெரிய வேண்டும் அல்லவா? இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த ஆசிரியர்கள் பலர் மனம் மாறியிருக்கிறார்கள்.

தமிழில் எழுதும் பிள்ளைகளிடம் சில அடையாளங்கள் பளிச்சென்று தெரியும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. கெ, கே, கொ, கோ எழுதுவதில் மூன்றாம் வகுப்பு தாண்டியும் குழப்பம் தீராமல் இருப்பது, ண–ன, ல–ள–ழ ஓயாமல் மாறுவது, புள்ளிகள் விடுபடுவது, நேற்று வாசித்த சொல்லே இன்று புதிதாகத் தெரிவது. ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். எல்லாமே சேர்ந்து, பயிற்சி கொடுத்தும் மாறாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். தேதி போட்டு நான்கைந்து பக்கங்களைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு உளவியலாளரிடம் காட்டவும் உதவும்.

கடிதம் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

பணிவாக எழுதிய கடிதத்துக்குக் கோபித்துக்கொள்பவர், வாய்ப்பேச்சுக்கும் ஒன்றும் செய்யப்போவதில்லை. வகுப்பாசிரியர் ஜூனில் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். செப்டம்பரில் மாறுதலாகிப் போய்விடுவார். அடுத்து வருபவரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடிதம் பள்ளிக் கோப்பில் இருந்தால் அப்படி ஆகாது.

ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கிறாள். பாடத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு வாயால் நன்றாகப் பதில் சொல்கிறாள். பலகையைப் பார்த்து எழுதும்போது பாதியில் நின்றுவிடுகிறாள். பத்து வரி எழுத அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். அதுவரை, முன்வரிசையில் இடம் தருமாறும், பலகையில் எழுதியதை வகுப்புத் தோழியின் நோட்டிலிருந்து நகலெடுத்துக்கொள்ள அனுமதிக்குமாறும், மாதத் தேர்வில் சில கேள்விகளுக்கு வாயால் பதில் கேட்குமாறும் வேண்டுகிறேன். இது பற்றித் தங்களையும் வகுப்பாசிரியரையும் சந்தித்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.”

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம்; அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலோ பள்ளியின் மின்னஞ்சலுக்கோ அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பேசி முடித்து வந்த அன்று மாலையே, ‘இன்று பேசியபடி இந்த இரண்டையும் திங்கள் முதல் செய்வதாகச் சொன்னீர்கள், மிக்க நன்றி’ என்று ஒரு செய்தி அனுப்புவது நல்ல பழக்கம். வாய்வார்த்தையாகச் சொன்னது அப்போது எழுத்தாகிவிடும்.

என்னென்ன உதவி கேட்கலாம்? எனக்கே தெரியவில்லையே.

உங்களுக்குத்தான் தெரியும். காலை எழுந்ததிலிருந்து பள்ளி விட்டு வரும்வரை பிள்ளை எங்கெல்லாம் தடுக்குகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். கேட்க வேண்டியவை எல்லாம் அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

ஒலி தாங்காத பிள்ளைக்குக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தின் ஒலிபெருக்கிதான் நாளின் முதல் அடி. வரிசையின் கடைசியில், ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தள்ளி நிற்கவோ, வகுப்பிலேயே இருக்கவோ அனுமதி கேட்கலாம். ஆண்டுவிழா ஒத்திகை நடக்கும் வாரங்களில் இது இன்னும் முக்கியம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் பதறும் பிள்ளைக்கு, அன்றைய பாடவேளைகளைப் படமாக ஒட்டிய அட்டையை மேசையில் வைக்கலாம். பி.டி. பீரியட் திடீரென்று கணக்குப் பீரியடாக மாறும் நாட்களில் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம். உட்கார முடியாத பிள்ளையை நோட்டு விநியோகிக்க, சாக்பீஸ் எடுத்து வர அனுப்பினாலே போதும், அவமானமில்லாமல் எழுந்து நடந்துவிட்டு வரும். இது ஒரு ஆசிரியர் தானாகக் கண்டுபிடித்துச் செய்தது. பணம் செலவில்லாத உதவிகள்தான் வகுப்பில் அதிகம் பயன்படுகின்றன என்பது என் அனுபவம்.

எழுதுவதில் சிரமம் என்றால் வீட்டுப்பாடத்தைப் பாதியாக்கச் சொல்லுங்கள். பத்துக் கணக்கில் ஐந்து சரியாகப் போட்டால் பாடம் புரிந்துவிட்டது என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் கூட்டெழுத்து (கர்சிவ்) கட்டாயம் வேண்டாம் என்று கேட்கலாம். பிள்ளையைத் திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்றும், எந்தப் பத்தி வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுமாறும் கேட்கலாம். காதுக்கருவி போட்ட பிள்ளைக்கு, ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசாமல் இருப்பதே பெரிய உதவி. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்வதில் தயக்கமே வேண்டாம். கழிப்பறையையும் மறக்காமல் போய்ப் பாருங்கள். பல பிள்ளைகள் அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

ஒரே தடவையில் பதினைந்து கேட்காதீர்கள். மூன்று கேளுங்கள். அவை நடந்து, பலன் தெரிந்ததும் அடுத்ததைக் கேட்பது ஆசிரியருக்கும் சுலபம்.

பரிசோதனை எங்கே செய்வது? செலவு அதிகமா?

அரசு வழியில் செலவில்லை. ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்தய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்க்கின்றன. மேல்பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நேரடியாகவும் போகலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியாவுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது.

தனியாரிடம் போனால், பரிசோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு எண் அறிக்கையில் இருக்க வேண்டும். பதிவில்லாதவர் தரும் அறிக்கையைப் பின்னால் தேர்வுத் துறையோ மருத்துவக் குழுவோ ஏற்காமல் போகலாம். ‘ஆறு மாதத்தில் ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் இடங்களின் பக்கமே போகாதீர்கள்.

சான்றிதழ் எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடாதா?

இந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கும் வகுப்பில் ஏதோ ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. மக்கு, முரடன், திமிர் பிடித்தவள். அவற்றைவிட ஒரு மருத்துவக் காகிதம் பிள்ளைக்கு நல்லது. அதை யாரிடம் காட்டுவது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, பெருமூளை வாதம், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பாடநூல், கற்றல் கருவி, பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீடு என்று பல கதவுகள் திறக்கும். விண்ணப்பம் இணையத்தில், அதற்கான தனி அடையாள அட்டையைத்தான் யு.டி.ஐ.டி. கார்டு என்கிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி செய்வார்கள்.

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான் தருவார்கள். ஆறு வயதில் அலைந்து சோர்ந்துவிட வேண்டாம். அதற்காகப் பயிற்சியை 8 வயதுவரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

என் பையனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் நிலை) மட்டும்தான். சான்றிதழ் கிடைக்குமா?

அந்த 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. கூடவே கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் வகுப்பறை உதவியைக் கேட்பதில் தடை எதுவும் இல்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. 40 விழுக்காடு என்ற அளவை எட்டவில்லை என்பதற்காக, எழுதச் சிரமப்படுபவருக்குத் தேர்வில் அவர் சொல்வதை எழுதும் எழுத்தரை மறுக்கக் கூடாது. விகாஷ் குமாருக்கு இருந்தது கை நரம்பு தொடர்பான எழுத்துச் சிரமம். வழக்கு குடிமைப் பணித் தேர்வைப் பற்றியது. நியாயமான வசதி என்பது ஒருவருடைய தேவையைப் பார்த்துத் தர வேண்டியது, விழுக்காட்டைப் பார்த்து அல்ல என்ற அந்தக் கருத்து நம் பிள்ளைகளுக்கும் வலு சேர்ப்பது.

அரசுப் பள்ளியில் என்ன கிடைக்கும்?

பலர் நினைப்பதைவிட அதிகம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உள்ளடக்கிய கல்வி என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையம்தான், அதாவது எல்லோரும் பி.ஆர்.சி. என்று சொல்லும் இடம்தான், அதன் மையப் புள்ளி. சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை சிகிச்சையாளரும் அங்கிருந்து வேலை செய்கிறார்கள். பள்ளிகளுக்கு முறைவைத்து வருவார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துவார்கள். காதுக்கருவி, சக்கர நாற்காலி, காலுக்குத் தாங்கலாகப் பூட்டும் காலிப்பர் போன்றவற்றுக்கு அளவெடுத்து வாங்கித் தருவார்கள். தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் பயணப்படியும், உடன் வருபவருக்கான படியும், பெண் பிள்ளைகளுக்கு மாத ஊக்கத்தொகையும் உண்டு. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து கற்பிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் கல்வி உரிமைச் சட்டமே கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இந்த உரிமையைத் தருகிறது.

குறையும் உண்டு. ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்க்கிறார். தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை, 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவை அடுத்து, மத்திய அரசு 2022-இல் வகுத்தது. அந்த விகிதம் நம் பள்ளிகளில் வரும்வரை, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு அவர் எந்தக் கிழமை வருகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு அன்றைக்குப் பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவான எமிஸில் பிள்ளையின் குறைபாடு சரியாக ஏறியிருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்பது மிக அவசியம். அதில் பெயர் இல்லாத பிள்ளையை முகாமுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள்.

தனியார் பள்ளியில் ‘எங்களிடம் வசதியில்லை, வேறு பள்ளி பாருங்கள்’ என்கிறார்கள்.

அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கையின்போது பிள்ளையைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதையே தடை செய்கிறது; மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பள்ளிகளையும் விட்டுவைக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். எல்.கே.ஜி. சேர்க்கை அறிவிப்பு வரும்போது சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ‘சேர்க்க இயலாததற்கான காரணத்தைக் கடிதமாகத் தாருங்கள்’ என்றதும் சில பள்ளிகள் மறுபடி யோசிக்கும். இருந்தாலும் மனமில்லாத பள்ளியில் வழக்குப் போட்டு இடம் வாங்கிப் பிள்ளையை உட்கார வைப்பது எனக்கு உவப்பானதல்ல. தினமும் ஆறேழு மணி நேரம் அங்கே இருக்கப்போவது பிள்ளை. புகார் கொடுங்கள், அடுத்து வரும் பெற்றோருக்காவது உதவும். பிள்ளையை அன்பாக ஏற்கும் பள்ளியையும் கூடவே தேடுங்கள்.

வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சரை நாங்களே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டுமாம்.

பல தனியார் பள்ளிகளில் இது எழுதப்படாத நிபந்தனை. பிள்ளைக்குத் தேவையான தனிப்பட்ட ஆதரவைத் தருவது பள்ளியின் கடமை என்றுதான் சட்டம் சொல்கிறது. சி.பி.எஸ்.இ. தன்னிடம் இணைந்த பள்ளிகள் சிறப்பாசிரியரை நியமிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. எனவே முதல் கேள்வி, ‘உங்கள் சிறப்பாசிரியர் யார், வாரத்தில் எத்தனை பாடவேளை என் மகனோடு இருப்பார்?’ என்பதாக இருக்கட்டும்.

உண்மையிலேயே ஒருவர் பக்கத்தில் தேவையா என்றும் பாருங்கள். நாள் முழுதும் ஒரு பெரியவர் அருகே உட்கார்ந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் நெருங்குவதில்லை, வகுப்பாசிரியரும் ‘அவன் அந்த மேடம் பொறுப்பு’ என்று விட்டுவிடுகிறார். காலை இரண்டு மணி நேரமும் சாப்பாட்டு வேளையும் மட்டும் போதுமானதாக இருக்கலாம். எப்படி வைத்தாலும், எத்தனை மாதத்தில் எதைக் குறைப்பது என்ற திட்டத்தோடு வையுங்கள்.

ஐ.இ.பி. என்கிறார்களே, அது என்ன?

உங்கள் பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டம். இன்று எங்கே நிற்கிறது, இந்தப் பருவத்துக்குள் எங்கே போக வேண்டும், யார் என்ன செய்வார்கள், எப்போது பார்த்துச் சரிசெய்வது. இவ்வளவுதான்.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வாசிப்பில் முன்னேற்றம் காண வேண்டும்’ என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. ‘அரையாண்டுக்குள் கொம்பு, கால் சேர்ந்த இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களில் பத்துக்கு எட்டைத் துணையின்றி வாசிக்க வேண்டும், சிறப்பாசிரியர் வாரம் மூன்று முறை இருபது நிமிடம் பயிற்சி தருவார்’ என்று எழுதினால் டிசம்பரில் கேட்க முடியும். பிள்ளைக்கு எது பிடிக்கும், எது நன்றாக வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பேருந்து எண்கள் அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பையனுக்கு அவற்றை வைத்தே கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதலில் எழுதிவைத்துக் கையெழுத்துக்கு மட்டும் அழைத்தால், வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

‘டி.சி. வாங்கிக்கொண்டால் உங்களுக்கும் நல்லது’ என்கிறார்கள். என்ன செய்வது?

அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. இது தெரிந்துதான், நீங்களே கேட்டு வாங்கியதாக எழுதித் தரச் சொல்வார்கள். பிள்ளை யாரையாவது அடித்தது, கடித்தது என்று காரணம் சொன்னால், எந்த நேரத்தில், எந்த இடத்தில், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். அநேகமாக ஒரே இடத்தில், ஒரே வேளையில் திரும்பத் திரும்ப நடந்திருக்கும். சாப்பாட்டு வரிசை, கடைசிப் பீரியட், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம். அந்த இடத்தைச் சரிசெய்தால் அடியும் கடியும் குறையும்.

அடிக்கிறார்கள் என்று சந்தேகமாக இருக்கிறது.

உடலை வருத்தும் தண்டனையும் மனத்தை வதைப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. துறை நடவடிக்கைக்கு உரியவை. பேச வராத பிள்ளை என்றால் காத்திருக்கவே கூடாது. காயத்தைப் படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தருகிறது. என் மனச்சாய்வு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு படிப்பதன் பக்கம்தான். ஆனால் சைகை மொழியில் தோழர்களோடு சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும் காதுகேளாத பிள்ளைகளின் பள்ளியைப் பார்த்தவர் யாரும் ஒரே விடையைச் சொல்ல மாட்டார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், சென்னையில் வித்யா சாகர் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளுக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு முடிவெடுங்கள். இன்று எடுக்கும் முடிவு பத்தாண்டுக்கான முடிவு அல்ல, மாற்றலாம்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு என்ன சலுகை? எப்போது கேட்க வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதும் எழுத்தர், டிஸ்லெக்சியா போன்ற குறைபாடுகளுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. மருத்துவச் சான்றுகளோடு தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; அது முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போய் ஆணையாக வர வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் ஹால் டிக்கெட் வரும், ஆணை வராது. சி.பி.எஸ்.இ.யில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் 3 மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல். எழுத்தரும் கேள்வி வாசிப்பவரும் உண்டு.

எழுத்தரோடு எழுதுவது தனிப் பழக்கம். ‘அடுத்த வரி, கோடு போடுங்கள், அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி விடை எழுத வைக்கத் தெரியாத பிள்ளை, எழுத்தர் கிடைத்தும் தவித்துப்போகும். காலாண்டிலிருந்தே பள்ளித் தேர்வுகளை அப்படி எழுத வைக்கச் சொல்லுங்கள். பொதுத் தேர்வில் கேட்கும் வசதியை முன்பே பள்ளியில் பயன்படுத்தி வந்ததற்கு அது சான்றாகவும் நிற்கும்.

2021 நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எழுதுவதில் குறைபாடுள்ள அந்த மாணவிக்கு நீட் தேர்வு மையத்தில் கூடுதல் நேரம் தராமல் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவருக்கு நேர்ந்தது அநீதி என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆணையின் நகலைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். முதல் தேர்வுக்கு முன் மையக் கண்காணிப்பாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டும் வாருங்கள்.

பள்ளியே ஒத்துவரவில்லை. என்.ஐ.ஓ.எஸ். எழுதலாமா?

எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் சான்றிதழ் மேற்படிப்புக்குச் செல்லும். பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றாகத் தேறலாம். ஆனால் ஆறாம் வகுப்பிலேயே ‘இவனுக்கு என்.ஐ.ஓ.எஸ்.தான்’ என்று பள்ளி கைகாட்டினால் ஏற்காதீர்கள். பிள்ளைக்கு ஏற்றது என்று நீங்கள் தேர்ந்தெடுப்பது வேறு, பள்ளி கழற்றிவிடுவது வேறு.

எதுவும் நடக்கவில்லை. புகார் யாரிடம்?

அரசுப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர் தனியாக இருக்கிறார். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண்ணோடு ரசீது கிடைக்கும். அந்த எண் கல்வி அலுவலகத்தில் நன்றாகவே பேசும். கல்வித் துறையின் உதவி எண் 14417, ‘முதல்வரின் முகவரி’ என்ற குறைதீர்ப்புத் துறையின் எண் 1100. இவற்றிலும் தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். மனுவில் உணர்ச்சியைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள். இங்கேதான் முத்திரை வாங்கிய அந்தப் பழைய கடிதங்கள் கைகொடுக்கும்.

வீட்டில் மாமனார், மாமியார் ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்கிறார்கள். கணவரும் அப்படியே.

அவர்களைப் பரிசோதனைக்கு உடன் அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லும்போது புகாராகக் கேட்கும் விஷயம், மருத்துவர் வாயிலிருந்து வரும்போது வேறாகக் கேட்கும். பள்ளிச் சந்திப்புக்கும் தனியாகப் போகாதீர்கள். கணவரோ, அண்ணனோ, தோழியோ ஒருவர் கூட வந்து குறிப்பெடுக்கட்டும். பேசிக்கொண்டே எழுத முடியாது.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

வயதுக்கேற்ற உண்மையை. ‘உனக்கு எழுத்து மெதுவா வரும், அதுக்காக டீச்சர் நேரம் கூடக் கொடுப்பாங்க’ என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும். பெரிய பிள்ளை என்றால் எந்த உதவி வேண்டும், எது வெட்கமாக இருக்கிறது என்று அதனிடமே கேளுங்கள். தோழிகள் முன்னால் தனி வினாத்தாள் தருவது பிடிக்கவில்லை என்று ஒரு மாணவி சொன்னாள். உறையில் போட்டுத் தந்தார்கள், அவளும் எழுதினாள்.

வகுப்பு மாறும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்தா?

ஏப்ரலிலேயே முந்திக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு எது பலன் தந்தது என்று வகுப்பாசிரியரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அதோடு பிள்ளையின் படம், எது பிடிக்கும், எதில் பதறும், பதறினால் என்ன செய்தால் அமைதியாகும், யாரை அழைக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் தயார் செய்து, ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் புதிய வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பத்துப் பக்க மருத்துவ அறிக்கையை அவருக்குப் படிக்க நேரம் இருக்காது. இந்த ஒரு பக்கத்தைப் படிப்பார். பாட ஆசிரியர்கள், பி.டி. ஆசிரியர், பள்ளி வேன் ஓட்டுநர், உதவியாளர் அக்கா எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.